கழற்றாத காப்பு

தேசப்பன் துடுப்பைத் தலைக்கு மேல் ஓங்கியபோது எதிரே இருந்தவனின் மூக்கு ஏற்கனவே உடைந்திருந்தது. அது முதல் அடி. இரண்டாவது அடி மண்டைக்கு. மேலக்குடாக்காரன் படகின் விளிம்பில் சாய்ந்துகொண்டு, ரத்தம் வழியும் வாயால், "அடிடா, அடிச்சுப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். தேசப்பன் அடிக்கத்தான் போனான். துடுப்பு மேலேயே நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் ஏதோ இறுகி, இடது தோள் வழியாக விரல்நுனி வரை இறங்கியது. துடுப்பு நழுவிக் கடலில் விழுந்தது. அவன் எதிரியின் மேலேயே சரிந்தான்.

மூக்கு உடைந்தவன் கிடைத்த நேரத்தை வீணாக்கவில்லை. மேலே கிடந்தவனின் விலாவில் முழங்கையால் குத்தினான். மறுபடியும் குத்தினான். தேசப்பனின் தம்பி கலியமூர்த்தி படகு தாவி வந்து தொண்டையில் உதைத்த பிறகுதான் அவன் கை ஓய்ந்தது.

"அண்ணன் போயிட்டாரா?" என்று பக்கிரிசாமி கேட்டான்.

"வாயை மூடிட்டு காலைப் புடிடா."

ஆற்று முகத்துவாரத்துக்காகப் புதுத்திட்டுக்கும் மேலக்குடாவுக்கும் நடக்கிற சண்டை அது. கடல் ஏறி ஏறிப் பழைய புதுத்திட்டைத் தின்றுவிட்டது. பள்ளிக்கூடமும் ஏலக்கூடமும் தேசப்பன் தாலி கட்டிய வீடும் இப்போது தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. தடுப்புச் சுவருக்குப் பின்னால் அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்புக்குத்தான் இன்று புதுத்திட்டு என்று பெயர். கடல் சூடேறி மீன் அற்றுப்போனதில், ஆறு வந்து கலக்கும் அந்த ஒரு வாயில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் அவனுக்கு என்று கோர்ட்டு பிரித்துக்கொடுத்தது. இரண்டு ஊரும் எல்லா நாளும் போயின. போகிற படகுகளில் முதல் படகு தேசப்பனுடையது. பெண்டாட்டி செத்துவிட்டாள், பிள்ளை இல்லை. அவனுக்கு இருந்ததெல்லாம் அந்தப் படகும், அதில் ஏறும் ஐந்து பேரும், மேலக்குடாக்காரன் மேல் இருந்த வெறியும்தான்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது டாக்டர் மெஹருன்னிசா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"உங்க இதயத்துல கால்வாசி செத்துப்போச்சு. அந்த இடத்துல, உங்க உடம்புலேர்ந்தே எடுத்து வளர்த்த தசையை ஒட்டுப் போட்டிருக்கோம்."

"ஓடுமா?"

"துடிக்கும். எப்ப வேகமா துடிக்கணும், எப்ப மெதுவா துடிக்கணும்னு மட்டும் அதுக்குத் தெரியாது. கைக்குழந்தை மாதிரி."

"ஏதாவது மெஷினை வச்சு ஓட்ட வேண்டியதுதானே டாக்டரம்மா," என்றான் கலியமூர்த்தி.

"வச்சுப் பார்த்தாச்சு. மெஷின் தட்டினபடியே தட்டும். ஒட்டும் அதையே கத்துக்கும். படுத்தாலும் அதே தாளம், படி ஏறினாலும் அதே தாளம். நாலு படி ஏறினதும் ஆளு விழுந்துடுவாரு. மனுஷ இதயம் அப்படி இல்லை. மூச்சுக்கு மூச்சு முன்ன பின்ன போகும். அதை இன்னொரு மனுஷ இதயத்துக்கிட்டதான் கத்துக்கணும்."

அவர் மேசைமேல் ஐந்து வளையங்களை எடுத்து வைத்தார். சாம்பல் நிறம், விரல் அகலம். மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறவரின் துடிப்பு, அவர் எங்கே இருந்தாலும், மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் வழியாகத் தேசப்பனின் தோளுக்குக் கீழே புதைத்திருக்கும் கருவிக்கு வந்துவிடும். அது ஒட்டைத் தட்டும். ஐந்து பேரின் துடிப்பும் கலந்து வரும். சில மாதங்களில் ஒட்டு தன் சொந்த நடையைக் கற்றுக்கொள்ளும்.

"கூடப் பழகினவங்களா இருந்தா நல்லது. பக்கத்துல உட்கார்ந்து பேசணும், சிரிக்கணும், நடக்க வைக்கணும். தைரியம் சொல்லணும். அதான் மருந்து. ஆனா குடிச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, முக்கியமா சண்டைக்குப் போனாலோ கழட்டி வச்சுடணும். உங்க நெஞ்சு படபடத்தா அவரு நெஞ்சையும் அது அடிக்கும். ஒருத்தர் கழட்டினா மத்தவங்க தாங்குவாங்க. ஒருத்தர்கூட இல்லாம மட்டும் போகக் கூடாது. போனா ஒட்டு நின்னுடும்."

"யாரு எப்படித் துடிச்சோம்னு இங்க தெரியுமா?" என்று கேட்டான் அஞ்சாபுலி. ரஞ்சிதத்தின் புருஷன். ரஞ்சிதம் தேசப்பனுக்கு அண்ணன் முறையாகிறவரின் மகள். கல்யாணம் முடித்துவைத்ததே தேசப்பன்தான்.

"எங்கேயும் பதிவாகாது. அவங்கவங்க இதயம் அவங்கவங்க சொந்த விஷயம், நாங்க பார்க்கக் கூடாதுன்னு சட்டம். அவரு நெஞ்சுக்கு மட்டும்தான் தெரியும்."

பக்கிரிசாமி ஒரு வளையத்தைக் கையிலெடுத்து உருட்டிப் பார்த்தான். "காப்பு மாதிரியே இருக்குடா," என்றான்.

அங்கேதான் தப்பு தொடங்கியது.

புதுத்திட்டில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால், திருவிழா முடிந்து பூசாரி அவிழ்க்கும் வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். குடி கிடையாது, ஊர் எல்லை தாண்டுவது கிடையாது, பெண்டாட்டி பக்கத்தில் படுப்பதுகூடக் கிடையாது. நடுவில் கழற்றினவன் வீட்டில் எழவு விழும் என்பது ஊருக்கு நிச்சயம். ஐந்து பேரும் வளையங்களைக் கோவிலுக்குக் கொண்டுபோய் மஞ்சள் தடவி, அம்மன் காலடியில் வைத்து எடுத்து, பூசாரி கையால் மாட்டிக்கொண்டார்கள். கலியமூர்த்தி, அஞ்சாபுலி, பக்கிரிசாமி, சந்திரகாசன், சிவநேசன். கடல் ஊர் எல்லைக்குள் சேர்த்தி என்று பஞ்சாயத்து அவர்கள் தொழிலுக்காக ஒரு தீர்ப்பும் சொன்னது.

டாக்டர் போனில் கத்தினார். "அது சாமிக் காப்பு இல்லைங்க! தேவைப்பட்டா கழட்டணும்!"

"டாக்டரம்மா, பொண்டாட்டிகிட்டயே கழட்டாம கெடக்கோம். மேலக்குடாக்காரன் வந்தாவா கழட்டப்போறோம்?" என்றான் பக்கிரிசாமி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

முதல் வாரத்தில் தேசப்பனுக்குள் ஒரே இரைச்சல். பிறகு அது பிரிந்தது. சந்தைக் கூச்சலில் தெரிந்தவன் குரல் தனியாகக் கேட்கிற மாதிரி, ஒவ்வொருவனையும் அடையாளம் தெரிந்தது. பக்கிரிசாமியின் துடிப்பு துள்ளித் துள்ளி வரும். சந்திரகாசனுடையது சாப்பிட்டதும் கனக்கும். சிவநேசனுடையது சின்னது, அவசரமானது. தம்பியுடையது கனமானது. ஆனால் தேசப்பன் குரலை உயர்த்தினால் உடனே தடதடக்கும். அஞ்சாபுலியுடையது எல்லோருடையதையும்விட மெதுவாக, அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

தினமும் மாலையில் ஐந்து பேரும் வந்து அவனைத் தடுப்புச் சுவர் மேல் நடக்க வைத்தார்கள்.

"வாங்கண்ணே, இன்னும் அந்தத் தூண் வரைக்கும்."

"அந்தத் தூண் நேத்தைக்கு இம்புட்டு தூரத்துல இல்லையேடா."

"நவத்தி வச்சுட்டோம். நீங்க நடந்தா மறுபடி பக்கத்துல கொண்டாந்துருவோம்."

"மாமா, மூச்சை இழுத்து விடுங்க. தைரியமா இருங்க," என்பான் அஞ்சாபுலி. முதுகில் கை வைத்துக்கொண்டு, அவன் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வருவான். தேசப்பன் அந்தக் கையைத் தட்டிவிட்டதும் உண்டு. அது மறுபடியும் வந்து உட்காரும். ஒரு மாதத்தில் தூணைத் தாண்டினான். இரண்டாம் மாதத்தில் தனியாகப் படி ஏறினான். டாக்டர் பார்த்துவிட்டு, "மருந்தைவிட உங்க ஆளுங்கதான் வேலை செய்யுறாங்க," என்றார்.

படி ஏறிய அன்று மாலை, வாசலில் வட்டமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது தேசப்பன் சொன்னான்: "நான் எழுந்து நிக்கட்டும். அந்த மூக்கொடிஞ்சவன் ஊருக்குள்ளயே பூந்து அறுக்கிறேன்."

"அப்புடிப் போடுண்ணே!" என்று தொடையில் தட்டினான் கலியமூர்த்தி. பக்கிரிசாமி விசில் அடித்தான்.

தேசப்பன் டம்ளரைக் கீழே வைத்தான். தொடையில் தட்டியவனின் இதயம் அவன் நெஞ்சுக்குள் துரத்தப்பட்ட நாயைப் போல ஓடிக்கொண்டிருந்தது. விசிலடித்தவனுடையதும் அப்படித்தான். நான்கு பேருக்கும். அது வீரம் இல்லை. வீரம் எப்படித் துடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். இது பயம். பச்சைப் பயம். அஞ்சாபுலியுடையது மட்டும் மாறாமல் அடியில் ஓடியது.

"வேணாம் மாமா," என்றான் அஞ்சாபுலி. "மொதல்ல உடம்பைப் பாருங்க."

"பேரைப் பாரு, அஞ்சாபுலியாம்!" என்று கலியமூர்த்தி காறித் துப்பினான். ஊரில் அவனுக்கு வேணாம்புலி என்று பட்டம். எந்தச் சண்டைக்கும் வேணாம் என்பான். கடைசியில் வந்தும் நிற்பான்.

அன்று இரவு முழுக்க தேசப்பனுக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை வருஷமாக இவன்களைக் கூட்டிக்கொண்டுதான் முன்னால் போனோமா? ஒவ்வொரு தடவையும் பின்னால் நின்று கத்தினவன்களுக்கெல்லாம் உள்ளே இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்ததா? பாவம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பேடிகள் என்றுதான் தோன்றியது.

மூன்றாம் மாதம் மேலக்குடாக்காரர்கள் வந்து முகத்துவாரத்தில் கிடந்த புதுத்திட்டு வலைகளை இழுத்துக் கரையில் போட்டுக் கொளுத்தினார்கள். புகை குடியிருப்பு வரைக்கும் வந்தது. தேசப்பன் ஐந்து பேரையும் வரச்சொன்னான்.

"காலையில போறீங்க. அந்த மூக்கொடிஞ்சவன் முதல் படகுல வருவான். அவன் கையை ஒடிச்சுட்டுத்தான் திரும்பணும்."

"சரி மாமா, போறோம்," என்றான் அஞ்சாபுலி. "ஆனா இதைக் கழட்டி உங்ககிட்ட குடுத்துட்டுப் போறோம். ஒருத்தன் மட்டும் கரையில இருக்கட்டும். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கா?"

"காப்பைக் கழட்டவா?" கலியமூர்த்தி எழுந்தான். "என் வீட்டுல எழவு விழணுமா உனக்கு?"

"மாமா நெஞ்சு தாங்கணுமே, சின்ன மாமா," என்றான் அஞ்சாபுலி.

எல்லோரும் தேசப்பனைப் பார்த்தார்கள். கழற்றுங்கடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் சொன்னால் அம்மனே சொன்ன மாதிரி. ஆனால் மூன்று மாதம் கஞ்சி குடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்தவனுக்கு அந்தச் சண்டை வேண்டியிருந்தது. அடிக்கிறபோது உடம்பில் ஏறுகிற அந்தச் சூடு வேண்டியிருந்தது.

"யாரும் கழட்ட வேணாம்," என்றான். "போட்டுக்கிட்டே போங்க. நானும் உங்க கூட வர்றேன்னு வச்சுக்குங்க."

மறுநாள் காலை ரஞ்சிதம் அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். கூடவே ஒரு கூடை நெத்திலி. அவன் எதிரிலேயே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிக் குடலை இழுத்துப் போட்டாள்.

"எங்க போறாங்கன்னு எங்கிட்ட சொல்ல மாட்டேன்னுட்டாரு," என்றாள். "உங்களுக்குத் தெரியும்தானே சித்தப்பா?"

"தொழிலுக்குத்தான்."

"காப்புக் கட்டினதுலேர்ந்து மனுஷன் தனியாப் பாய் போட்டுக்கிறாரு. எப்ப சித்தப்பா இதை அவுப்பீங்க? உங்க நெஞ்சு நல்லாவறதுக்குள்ள நான் கிழவியாயிடுவேன் போல."

தேசப்பன் சிரித்தான். அப்போது தொடங்கியது.

முதலில் ஐந்தும் ஒன்றாக ஏறின. அவன் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டான். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை முன்னதாகவே எடுத்து வைத்திருந்தான். அதைப் போட்டுக்கொண்டான். படகுகள் மோதிய கணம் தெரிந்தது. யாருக்கோ அடி விழுந்தது, சிவநேசனாக இருக்கலாம். துடிப்பு ஒரு முறை தடுக்கி மறுபடி ஓடியது. பக்கிரிசாமி யாரையோ அடிக்கிறான். அடிக்கிறவனின் துடிப்பும் அடிபடுகிறவனின் துடிப்பும் ஒன்றில்லை. தேசப்பனின் நெற்றியில் வியர்வை கொட்டியது, வாயில் எச்சில் ஊறியது. உள்ளே இடித்தது, வலித்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்லமாட்டான். எத்தனை நாளாயிற்று.

பிறகு ஒரு பெரிய அடி. அஞ்சாபுலியின் துடிப்பு எழும்பி விழுந்தது. உடனே மற்ற நான்கும் வெறிபிடித்தாற்போல ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. சண்டை முடிந்து விரட்டிக்கொண்டு போகிறார்கள் என்று தேசப்பன் நினைத்தான். கொஞ்ச நேரத்தில் அஞ்சாபுலியுடையது தனியாகக் கேட்டது. மெதுவாக, அடியில், எப்போதும் போல. எப்போதையும்விட மெதுவாக.

அவனுக்கு நெஞ்சு லேசானது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துவிட்டான்.

"என்ன சித்தப்பா, வேர்த்துக் கொட்டுது?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் முடிஞ்சுது. உம் புருஷன் கெட்டிக்காரன்டீ. மத்தவனுங்க எல்லாம் கெடந்து அலறுறானுங்க. இவன் அலட்டிக்கவே மாட்டேங்குறான்."

ரஞ்சிதத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "அவரு அப்படித்தான்," என்று சொல்லிக் குனிந்து மீனைக் கிள்ளினாள். கூடை காலியாகிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொன்னாள், தண்ணீர் லாரி வராததைச் சொன்னாள். தேசப்பன் பாதிதான் கேட்டான். உள்ளே அந்தத் துடிப்பு நீண்ட இடைவெளி விட்டு வந்தது. ஒன்று. பிறகு ஒன்று. தூங்குகிறானோ என்று நினைத்தான். சண்டை முடிந்து படகில் மல்லாந்து படுத்துவிட்டானோ. மற்றவன்கள் அவனைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பான்கள்.

ரஞ்சிதம் கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். தேசப்பன் அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை.

நான்கு பேர் திரும்பி வந்தார்கள். சிவநேசனுக்குக் காது கிழிந்திருந்தது. பக்கிரிசாமிக்குப் பல் போயிருந்தது. ரஞ்சிதம் மணலில் விழுந்து புரண்டாள்.

"ஒரே அடிம்மா," என்றான் கலியமூர்த்தி. அவனும் அழுதான். "பின்மண்டையில. அந்த மூக்கொடிஞ்சவன்தான். தண்ணியில விழும்போதே உசுரு இல்ல. துடிக்கவே இல்ல. நாங்க தேடினோம், அவனுங்க விடல."

மற்ற மூவரும் ஆமாம் என்றார்கள். நான்கு இதயமும் தேசப்பனின் நெஞ்சில் வந்து முட்டின. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அந்த நான்கும் ஓடியது யாரையும் விரட்டிக்கொண்டு இல்லை; அஞ்சாபுலி தண்ணீரில் உயிரோடு கிடந்தபோதுதான்.

மூன்று நாள் கழித்து உடல் மேலக்குடாவுக்குத் தெற்கே ஒதுங்கியது. மீன் தின்றது போக இருந்ததைக் கொண்டுவந்து புதைத்தார்கள். மாலைகளில் நான்கு பேரும் வழக்கம்போல வந்தார்கள். காப்பு கட்டிய கடமை. தடுப்புச் சுவர் மேல் அவனை நடக்கவைத்து, "தைரியமா இருண்ணே, உனக்கு ஒண்ணும் ஆகாது," என்றார்கள். தேசப்பன் நடந்தான். ஒவ்வொருவன் பேசும்போதும் அவனுடைய பொய் உள்ளே இடிக்கும். கேட்டுவிடலாம். கேட்டால் ஊர் அவர்களை விலக்கும். கழற்றிவிடுவார்கள், அல்லது கழற்றாமலே அவர்கள் பயம் அவன் நெஞ்சை அடித்துக் கொன்றுவிடும். எப்படிப் பார்த்தாலும் சாவது அவன்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு அவர்கள் உயிரைக் குடித்து வாழ்ந்தான்.

ஊர் சும்மா இருக்கவில்லை. ஒரே அடியில் கொன்றவனை விடக் கூடாது என்று முடிவாயிற்று. ஊரில் இருக்கிற எல்லாப் படகும் போவது. மேலக்குடாவில் குடிசை, படகு, ஆள் எதையும் மிச்சம் வைக்காமல் வருவது. போவதற்கு முன் நான்கு பேரும் அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்து, நடந்தது இதுதான் என்று சத்தியம் செய்யவேண்டும். ஒரு ஊரையே எரிக்கப் போகிறோம், வாய்ச்சொல் போதாது என்றார் பஞ்சாயத்துத் தலைவர் வீரபத்திரன்.

உச்சி வெயிலில் கோவில் வாசலில் ஊரே கூடியது. ஆண்கள் கையில் கழிகளும் அரிவாள்களும். முன்வரிசையில் ரஞ்சிதம். தேசப்பனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். முதலில் சிவநேசன் வந்தான். தட்டில் கற்பூரம் எரிந்தது.

"சொல்லு," என்றார் தலைவர்.

"அஞ்சாபுலி அடி விழுந்த எடத்துலயே..."

"இருடா," என்றான் தேசப்பன். தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. நியாயத்துக்காக அவன் வாயைத் திறக்கவில்லை. விட்டுவிட்டு ஓடியவன்கள் தன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து தனக்கே தைரியம் சொல்வதை அவனால் இனியும் பொறுக்க முடியவில்லை. "ஒரு கேள்வி. தண்ணியில கெடந்து உங்களைக் கூப்பிட்டானா, இல்லையா?"

நான்கும் ஒரே கணத்தில் வந்து மோதின. தேசப்பன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான்.

"அண்ணே! மாத்திரை, மாத்திரையைக் குடுங்கடா!" நான்கு பேரும் ஓடிவந்து சூழ்ந்தார்கள். ஒருவன் நெஞ்சைத் தடவினான், ஒருவன் விசிறினான். "ஒண்ணுமில்லண்ணே, மூச்சை இழு, தைரியமா இரு!" அவர்கள் பதற பதற அவனுக்கு அடி பலமாக விழுந்தது.

தேசப்பன் வாயில் திணித்த மாத்திரையைத் துப்பினான். "பதில் சொல்லுங்கடா. கூப்பிட்டானா?"

"இல்லண்ணே," என்றான் சந்திரகாசன். அந்த அடியில் தேசப்பனின் கண் மேலே செருகியது.

"ஐயோ, நாமதான்டா கொல்றோம்!" சிவநேசன் அலறினான். தன் மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு, அம்மன் பார்த்துக்கொண்டிருக்க, காப்பை இழுத்துக் கழற்றித் தூர எறிந்தான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பக்கிரிசாமியும் கழற்றினான். சந்திரகாசன் கழற்றிவிட்டு முழங்காலிட்டு உட்கார்ந்து மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டான். எதற்காகக் கழற்றினார்கள் என்று ஊருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மிஞ்சியது கலியமூர்த்தி. அவன் கழற்றினால் அண்ணனுக்கு யாருமில்லை. கழற்றாவிட்டால் அவன் பயமே அண்ணனைக் கொன்றுவிடும். அவன் காப்பின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"கூப்பிட்டான்," என்றான் கடைசியில். "மிதவையைப் புடிச்சுக்கிட்டு மிதந்தான். சின்ன மாமா, சின்ன மாமான்னு கூப்பிட்டான். அவனுங்க நாலு படகு வந்துட்டானுங்க. எனக்குப் பயம்ண்ணே. எனக்கு எப்பவுமே பயம்ண்ணே."

சொன்னதும் அவன் துடிப்பு தணிந்தது. தேசப்பனுக்கு மூச்சு வந்தது. அது ஒரு கணம்தான். மேலக்குடாவுக்காகத் தூக்கிய கழிகள் கலியமூர்த்தி மேல் இறங்கின. முதல் அடி தோளில். பிறகு முகத்தில் ஒரு உதை. அவன் விழுந்தான், விழுந்தவன் மேல் ஊர் ஏறியது. ஒவ்வொரு உதையும் அவன் இதயம் வழியாக நாற்காலியில் இருந்தவனுக்கு வந்தது. தேசப்பன் மண்ணில் சுருண்டு விழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கால்களை உதைத்துக்கொண்டான். தொடாமலேயே அவனை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரஞ்சிதம் கூட்டத்துக்குள் நுழைந்தாள். விலக்கிக்கொண்டு போய்க் குனிந்து, மண்ணில் கிடந்த கலியமூர்த்தியின் கையைப் பிடித்துத் திருகி, காப்பை உருவினாள். தேசப்பனுக்குள் எல்லாம் நின்றது. சத்தம் போய், வெளிச்சம் போய், வெறும் குழியாக இருந்தது. அவள் திரும்பி நடந்து வந்தாள். வேகமாக வரவில்லை. அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, அதைத் தன் மணிக்கட்டில் மாட்டினாள்.

ஒன்று. பிறகு ஒன்று. பிறகு சீராக. தேசப்பன் இருமிக்கொண்டு கண் திறந்தான்.

அவள் பின்னால் இன்னும் அடி விழுந்துகொண்டிருந்தது. கலியமூர்த்தியின் குரல் கேட்டது. அது இப்போது வெறும் குரல்தான், உள்ளே வரவில்லை.

"இனிமே அது உனக்கு வலிக்காது," என்றாள் ரஞ்சிதம். அவள் அவனை நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. "இது எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு."

அவன் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான்.

"அன்னைக்கு உன் எதுக்கத்தான் உட்கார்ந்து மீன் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன். எம் புருஷன் கெட்டிக்காரன், அலட்டிக்கவே மாட்டேங்குறான்னு சொன்னியே. அவரு படகுல இருந்தப்பயா, தண்ணியில கெடந்தப்பயா?"

அவளுடைய துடிப்பு சீராக இருந்தது. காலையில் நடக்கிறவளின் துடிப்பு போல. படகில் என்று சொல்லிவிட்டால் அப்படியே இருக்கும். பதிவு எங்கும் இல்லை. அவன் நெஞ்சைத் தவிர யாருக்கும் தெரியாது. சில வாரத்தில் ஒட்டு நடை பழகிவிடும். அவன் எழுந்து படி ஏறுவான், படகு ஏறுவான்.

தன் போன் அன்று நாற்காலிக்குப் பக்கத்திலேயே கிடந்தது, ஒரு படகை அனுப்பச் சொல்லியிருக்கலாம் என்பது அவனுக்கு நினைவு வந்தது.

"தண்ணியில," என்றான் தேசப்பன். "நான் அவன் தூங்குறான்னு நெனச்சேன்."

உடனே ஒன்றும் நடக்கவில்லை. ரஞ்சிதம் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சை இழுத்து விடு, சித்தப்பா," என்றாள். "தைரியமா இரு."

பிறகு அவள் நெஞ்சிலிருந்து அது வந்தது.